எல்லாம் அக்காவின் அளவில்

டிசம்பர் மாதத்தில் எல்லாரும் வெள்ளை உடுத்திக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வெள்ளை உடுத்திவிட்டாலே நல்ல ரசனை என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்தது கல்பொடி நிறம். மயிலாடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிலை கொத்தும் பட்டறை. கொடியில் காயப்போட்ட துணியின்மேல் பொடி வந்து படியும். அம்மா அதை உதறி உதறித் திட்டுவாள். நான் உதறாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். சாம்பலும் இல்லை, வெள்ளையும் இல்லை, நடுவில் அமைதியாக ஒரு நிறம். அந்த நிறத்தில் லினன் துணி கிடைக்குமா என்று கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் தேடுகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

நடந்ததை உன் கையாலேயே எழுது, ஆரம்பத்திலிருந்து எழுது என்று பேப்பரும் பேனாவும் தந்தீர்கள் மேடம். ஆரம்பம் துணிதான். அதனால் துணியிலிருந்தே எழுதுகிறேன். என் பெயர் ரெனிஷா. நாகர்கோவிலில் ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். ஷைஜா என் அக்கா. எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர் முத்துநாயகம் மாமாவை, கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் நடந்ததற்காக நீங்கள் ஸ்டேஷனில் கூப்பிட்டு வைத்து விசாரிக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

கல்லூரியில் வசந்தகாலம், இலையுதிர்காலம் என்று நான்கு பருவங்களுக்கு உடை வரையச் சொல்வார்கள். நாகர்கோவிலில் ஏது இலையுதிர்காலம். இங்கே ரப்பர் மரம்தான் இலை உதிர்க்கும், அதுவும் மாசியில். நான் எனக்கென்று மூன்று பருவங்கள் வைத்துக்கொண்டேன்: ஆடிக் காற்று, ஐப்பசி மழை, கிறிஸ்துமஸ். ஒவ்வொரு பருவத்துக்கும் எனக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசைப்பட்டியல் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போடுவேன். அதைப் பார்க்கவென்றே நிறையப் பேர் இருந்தார்கள். ஆடிக்கு, காற்று பிடித்து இழுக்கிற மாதிரி அகலமான மடிப்புப் பாவாடை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்குக் கீழே நின்று படம் எடுத்தால் துணி என்னவென்று அப்போதுதான் தெரியும். மழைக்கு, கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை, படகு மூடும் தார்ப்பாயில் ஒரு மேல்கோட்டு. கடியப்பட்டணத்தில் வலை காயப்போட்டிருந்ததைப் பார்த்த அன்று, உடம்பின் நிறம் உள்ளே தெரிகிற அகலமான நெட் கை ஒன்று மனதில் வந்தது. அதைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொண்டேன்.

வாங்க முடிந்ததை வாங்குவேன், முடியாததைத் தைத்துவிடுவேன். எல்லாம் அக்காவின் அளவில்தான். நான் குள்ளம், தோள் அகலம், எதைப் போட்டாலும் போட்டது போலத்தான் இருக்கும். அக்கா உயரம். குளித்துவிட்டு அவள் துண்டை மேலே போட்டுக்கொண்டு வந்தாலே அது ஒரு உடையாகிவிடும். இடது தோள் மட்டும் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வில் துணி விழுகிற அழகை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. படங்களில் அவள் முகத்தை வெட்டிவிடுவேன். பார்த்தவர்கள் அது நான் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், தீக்காய வார்டில். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டே நிற்பாள், நான் ஊசி குத்தி அளவு பார்ப்பேன். "குத்தாதட்டி," என்பாள். "எனக்க ஒடம்ப வச்சு நீ பேரெடுக்க, கேட்டியா." சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை.

வார்டு வேலைக்கு நடுவே அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அது நிஜமாகவே நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அக்டோபரில் ஜெர்மனி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை உறுதியாகி வந்தது, ஜனவரியில் புறப்பட வேண்டும். அப்பா மஸ்கட்டிலிருந்து போனில் ஜெபம் செய்தார். அம்மா அடுப்பில் சட்டியை வைத்து முந்திரிக்கொத்துப் பலகாரம் போடத் தொடங்கிவிட்டாள். "கொள்ளாம் அக்கா, நல்ல காரியம்" என்று நானும் சொன்னேன். பிறகு அறைக்குள் போய், கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த, உடை மாட்டிப் பார்க்கும் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அதற்கு மார்பு இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அன்றைக்கு ரொம்ப நேரம் அழுதேன். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அக்கா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. "உனக்க லிஸ்டு எல்லாம் இனி அங்கேருந்து நான் வாங்கித் தாரேன். அங்கதான்டி நெசமான பனிக்காலம். மொதல்ல ஒரு கம்பளிக் கோட்டு. உனக்க தோளு எத்தன இஞ்சுட்டி?" என்றாள். என் அளவை நான் எடுத்ததே இல்லை. அவளே டேப்பை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னை அளந்தாள். அந்தக் கோட்டை எனக்குப் போட்டால் அது வெறும் கோட்டுதான் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது.

நவம்பரில் முத்துநாயகம் மாமா வீட்டுக்கு வந்தார். கீத ஆராதனைக்குப் பாடகர் குழுப் பெண்களுக்கு உடை தைக்க வேண்டும், என் கையால் தைத்தால் சபைக்கும் பெருமை என்றார். வழக்கம்போல வெள்ளை. மெழுகுவர்த்தியும் வழக்கம்போல நிஜமானது. சில சபைகளில் பேட்டரி மெழுகுவர்த்தி வந்துவிட்டது என்று அம்மா சொன்னதற்கு, "பேட்டரியப் பிடிச்சிக்கிட்டு கர்த்தருக்கப் பொறப்பப் பாடப்பிடாது ரீத்தா" என்று மறுத்துவிட்டார். அக்காவுக்கு இது இங்கே கடைசி கிறிஸ்துமஸ். தனிப்பாட்டு அவளுக்குத்தான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். தனியாகப் பாடுகிறவளுக்கு உடையிலும் ஒரு வித்தியாசம் இருக்கட்டும் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள்.

மற்றப் பெண்களுக்குக் காட்டன். அக்காவுக்கு மட்டும் காட்டன்மேல் நைலான் நெட், அகலக் கை.

பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள், உடை தைத்தவருக்குத் துணியின் தன்மை தெரிந்திருக்கவில்லை என்று. அது சரியல்ல. முதல் வருடத்திலேயே எங்களுக்கு அந்தப் பாடம் உண்டு. துணியிலிருந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீயில் காட்டுவோம். காட்டன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டு எரிந்தால் தலைமுடி கருகும் வாசம் வரும். நைலான் உருகிச் சொட்டும். சொட்டியது எதன்மேல் விழுகிறதோ அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தத் தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.

அளவு பார்த்த அன்று அக்கா கையைத் தூக்கி நெட்டை விரித்துப் பார்த்தாள். "ஏட்டி, மெழுகுவர்த்தி பிடிக்கணுமே, இது தீப்பிடிக்காதா?" என்று கேட்டாள். அவள் பார்க்கிற வேலை அப்படி, கேட்கத்தான் செய்வாள். என் வாயில் ஊசிகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, "காட்டன் நெட்டுதான் அக்கா, ஒண்ணும் ஆவாது" என்றேன். அது பொய். நான் அவளிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. நான் நினைத்தது ஒரு கையை மட்டும்தான். நர்ஸுக்குக் கை முக்கியம். வலது கையில் கொஞ்சம் காயம்பட்டால் ஆற மாதங்கள் ஆகும், அதற்குள் அந்த வேலைக்கு வேறு யாரையாவது எடுத்துவிடுவார்கள். அடுத்த ஆடிக்கு அவள் இங்கே இருப்பாள். காயத்தின் தழும்பை மறைக்க உடைக்கு எப்படிக் கை வைக்கலாம் என்றுகூட வரைந்து பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. கவனக் குறைவாக எதையும் செய்யவில்லை. அதே நெட்டில் இன்னொரு கை தைத்து, மொட்டைமாடியில் கம்பில் மாட்டி எரித்துப் பார்த்தேன். தோளில் பெரிய பெரிய தையலாகப் போட்டு, நூலை முடிச்சிடாமல் விட்டால், ஒரே இழுப்பில் கை தனியாகக் கழன்று வந்துவிடுகிறது. அக்காவின் உடையிலும் அப்படியே தைத்தேன். ஆராதனைக்குப் போகும்போது பெரிய துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, பாலித்தீன் பைக்குள் வைத்து என் கைப்பையில் எடுத்துப்போனேன். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன்.

விளக்குகளை அணைத்தார்கள். போதகர் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஒருத்தியின் திரியிலிருந்து அடுத்தவள் ஏற்றிக்கொள்ள, வெளிச்சம் வரிசையாக நகர்ந்து வந்தது. அக்கா நடுவில் நின்றிருந்தாள். நெட்டுக்குள்ளே அவள் கையின் நிறம் நான் நினைத்தபடியே தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை அதற்குமுன் நான் தைத்ததில்லை. அவள் பாடத் தொடங்கினாள். முதல் சரணம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கு ஒன்றும் நடக்காது போலிருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இரண்டாவது சரணத்தில், பக்கத்தில் நின்ற பிரிஜாவின் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. அதை ஏற்றிக் கொடுக்க அக்கா கையை நீட்டினாள்.

நான் ஓடிப்போய் தோளைப் பிடித்து இழுத்தேன். கழன்று வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். அதற்குள் தீ கழுத்துக்கும் முடிக்கும் போய்விட்டது. அதற்கு என் துண்டு போதவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பிரிஜாதான் அழுதுகொண்டே சொன்னாள். பாடப் போவதற்கு முன்னால், போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில், தோளில் நூல் விட்டிருப்பதை அக்கா பார்த்திருக்கிறாள். ஊசியும் பட்டன் தைக்கிற தடி நூலும் வாங்கி, சுற்றிலும் நெருக்கமாகத் தானே தைத்துவிட்டாள். "ரெனி தச்சதுல நூலு விட்டிருக்குன்னு நாளைக்கு ஆராவது சொல்லப்பிடாது, பிள்ள காலேஜில படிக்குது" என்று சொல்லிக்கொண்டே தைத்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிரித்துவிட்டிருப்பேன். அவள் எப்போதும் அப்படித்தான், என்னிடம் கேட்காமல் எனக்காக ஏதாவது செய்வாள். அந்தத் தையல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஈரத்துண்டைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். கர்த்தர்தான் பிள்ளைக்குத் தோணவைத்தார் என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சபையில் என்னை எழுப்பி நிறுத்தி ஜெபம் செய்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வருகிறவள் எதற்கு நனைந்த துண்டோடு வர வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள்கூடக் கேட்கவில்லை மேடம். அதற்குப் பதிலாக முத்துநாயகம் மாமாவைப் பிடித்துக்கொண்டீர்கள். அக்காவின் அடக்கத்தன்று அவர் அம்மாவின் காலில் விழுந்து, "நாந்தாம்மா கொன்னுபோட்டேன், பேட்டரின்னு சொன்னியே, நான் கேக்கல்லியே" என்று அழுதார். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தப்பான இடத்தில் தப்பைக் கொண்டுபோய் ஒட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் வந்தேன்.

மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கு வந்து மரண வாக்குமூலம் கேட்டபோது, கை தவறிவிட்டது, யார்மேலும் குற்றமில்லை என்று அக்கா சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இத்தனை பேரின் தீக்காயத்தைத் துடைத்தவள். காட்டன் உடம்பில் உருகி ஒட்டாது என்று அவளுக்குத் தெரியாதா. மாஜிஸ்திரேட் போன பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அவள் முகத்தை வெட்டாமல் நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன் என்று தோன்றியது. அவளும் என்னைப் பார்த்தாள். பேச அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நான் போவல்லட்டி," என்றாள். "எங்கயும் போவல்ல. நீ அழாத."

நெட்டைத் தேர்ந்தெடுத்தது நான். பொய் சொன்னது நான். அவள் சாவுக்குக் காரணம் நான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் மேடம். போகாதே என்று நான் அக்காவிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போவல்ல என்று அவள் தானாகத்தான் சொன்னாள்.