ஆறு ஸ்பூன் உப்பு

செடி வளர்க்கும் மீன்தொட்டியில் உப்புப் போடுவது கொஞ்சம் தர்மசங்கடமான வேலை. மீனுக்கு மருந்தாவது செடிக்கு ஆகாது. மீன்கடைக்காரர் என் தங்கையிடம் இதை விளக்கியபோது நானும் கூடத்தில்தான் இருந்தேன், செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு.

மீன்களின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்திருந்தன. அவர் முழங்காலிட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தார்.

"கை நிறைய அள்ளிப் போட்டுடாதீங்க. பத்து லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன், தலை தட்டி. உங்க தொட்டி அறுபது லிட்டர், மொத்தம் ஆறு ஸ்பூன். கரைச்சு ரெண்டு நாளாப் பிரிச்சு ஊத்துங்க. அதோட நிறுத்திடணும். தண்ணி வத்தினா வெறும் தண்ணிதான் ஊத்தணும். வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது."

"கூடிப் போச்சுன்னா?"

"செடி கூழாயிடும். அடியில மேயுறாரே, இந்த மீசைக்காரர், அவர் முதல்ல போய்ச் சேருவார்."

"பாவம், மீசைக்கேத்த தைரியம் இல்லை போல," என்றாள் தங்கை. இருவரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "சாருக்குத் தெரியாததா? சார் தண்ணிக்கே டாக்டர்," என்றார். நான் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். கணவர் இறந்ததும் என் வீட்டுக்கு வந்தாள். முதல் சில மாதங்கள் அவள் அவளாக இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவாள். ஒரு தடவை பாத்திரம் கருகிச் சமையலறை முழுக்கப் புகை. பிறகு தேறினாள். தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், முதல் சம்பளத்தில் தொட்டியை வாங்கினாள். புல் மாதிரி ஒரு செடியை ஒவ்வொரு இழையாக இடுக்கியால் மணலில் நட்டாள். அது பரவித் தரையை மூட ஏழு மாதங்கள் ஆயின.

உப்புப் போட்ட மூன்றாம் நாள், எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, அவர் என்கிட்ட ஒண்ணு கேட்டார்."

"யாரு?"

"யாருன்னு தெரியாத மாதிரி கேக்கறியே. மீன்கடைக்காரர்தான். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"மீன் எல்லாம் பொழைக்கட்டும், அப்புறம் சொல்றேன்னேன்." தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு சாக்குதான். பொழைச்சுடும்."

அவர் நல்ல மனிதர். அவரிடம் ஏதாவது குறை கிடைக்குமா என்று நான் இரண்டு நாள் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

தங்கை காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவாள். நான் ஒன்பதரைக்கு. நடுவில் அரை மணி நேரம் இருந்தது. சமையலறை டப்பாவிலிருந்தே உப்பை எடுத்தேன். அப்படியே கொட்டினால் கட்டியாக ஓரிடத்தில் தங்கும் என்பதால் டம்ளரில் நன்றாகக் கரைத்து, தொட்டியின் வடிகட்டியிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றினேன். தினமும் ஆறு ஸ்பூன். அளவு மாறவில்லை. நோய்க்காகத் தொட்டித் தண்ணீரைச் சற்றுச் சூடாக வைத்திருந்ததால் அது சீக்கிரம் வற்றியது. தங்கை தினமும் காலையில் ஒரு செம்பு வெறும் தண்ணீர் ஊற்றிவந்தாள். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

பரிசோதனைக்கூடத்திலிருந்து உப்பு அளக்கும் மீட்டரை எடுத்து வந்து அளந்து பார்த்தேன். எட்டாம் நாள் உப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகியிருந்தது. புல் கண்ணாடி போல வெளுத்து, பிறகு தொட்டால் கரைந்தது. மீசைக்காரர்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அந்த வாய்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டு ஊற்றினேன்.

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்ததும் கடைக்காரர் வந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் தங்கையிடம் தணிந்த குரலில்தான் பேசினார். "தினமும் உப்பு சேர்ந்திருக்கு. நான் சரியா சொல்லியிருக்க மாட்டேன், விடுங்க. மறுபடி நடலாம்." பழியை அவரே எடுத்துக்கொண்டார். அங்கேயே நான் வாய் திறந்திருக்கலாம்.

அவர் போனதும் தங்கை உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள். அடி தெரிந்தது.

"அண்ணா, நான் தண்ணி ஊத்தறப்ப உப்பும் போட்டேனா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"போடலை. போடலைன்னுதான் ஞாபகம்."

"அன்னிக்குப் பால் பாத்திரத்தையும் நீ வைக்கலைன்னுதானே சொன்னே."

இந்த ஒரு வாக்கியத்தை நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. நான் தோளில் தட்டிக்கொடுத்தேன். "விடும்மா, நான் இருக்கேன்ல," என்றேன்.

மறுநாள் அவளே கடைக்குப் போய் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். "ஒரு ஸ்பூனை ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதவ, இன்னொருத்தர் வீட்டை எப்படி அண்ணா பாத்துக்க முடியும்?" என்றாள். தையற்கடை வேலையையும் விட்டுவிட்டாள். தப்பாக வெட்டிவிடுவோமோ என்று பயமாம்.

நான் கொன்றது மீன்களை மட்டும் என்றால் இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது. தன் கை செய்ததைத் தன் மனசு சொல்லும் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைக் கரைத்தது நான்தான். காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தனியாகச் சாப்பிட எனக்குப் பயமாக இருந்தது. இப்போது தினமும் அவள் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல என்னிடம் எல்லாவற்றையும் கேட்கிறாள், நானும் பதில் சொல்கிறேன்.

நேற்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. சாயங்காலம் இருவருமாகக் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். தெருமுனை வரை வந்ததும் நின்றாள்.

"அண்ணா, வீட்டைப் பூட்டினேனா?"

பூட்டியிருந்தாள். இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"நீ இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வாசல் வரை போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வந்தேன்.

"நல்லவேளைம்மா," என்றேன். "திறந்துதான் கிடந்தது."