இரண்டு பாடத்துக்கு ஒரு சேர்ட்டிபிக்கட்

வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு எரிச்சல். பின்னால் நின்ற இரண்டு பெட்டைகளுக்கோ சிரிப்பு.

“கம்ப்யூட்டர் நெட்வேர்க் எக்ஸாமுக்கு ரெண்டு அடையாளம் காட்டச் சொன்னாங்கள். நான் கொழும்பில தங்கிறதுக்கு எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டு வரைக்கும் அஞ்சு காட்டினன்.”

“பாஸாடி?”

“ஓம். இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் சேர்ட்டிபிக்கட்டைக் கொலிஜில குடுத்தா, ரெண்டு பாடம் படிக்கத் தேவையில்லை. அரை வருசம் மிச்சம்.”

“இப்பிடிக் கியூவில நிண்டதுக்கும் பாடம் கழிப்பாங்களோ?”

“கழிச்சா எங்கட அம்மா எப்பவோ புரொபஸர்.”

மணி பதினொன்றரை. வரிசை அசையவில்லை. முன்னால் நின்ற வழுக்கைத்தலைக்காரர் திரும்பி, சேர்ட்டிபிக்கட் வைத்திருந்தவளைப் பார்த்தார்.

“பிள்ளை, நீர் முன்னுக்குப் போம். அரை வருசத்தையும் இவங்களுக்குக் குடுக்காதையும்.”

வரிசை முழுவதும் விலகி வழிவிட்டது.