கைத்தடிக்குப் பதில் கயிறு

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே காலி மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

"எங்க வூட்டுக்காரரு கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் படகுக் கயிறு கட்டிக்கீறாரு."

"இன்னாத்துக்குக்கா?"

"அத்தன வருஷம் கடல்ல வுழாத ஆளு, பாத்ரூம் டைல்ஸ்ல வழுக்கி வுழுந்துட்டாரு. டாக்டரு சொல்லி பையன் கைத்தடி வாங்கியாந்தான். அத ஊனுனா கெழவன்னு சொல்லுவாங்களாம். கயித்தப் புடிச்சிகினு தான் போறாரு."

"அப்பால வுழலியே?"

"அவரு வுழல. விருந்துக்கு வந்த மாப்ள தான், கரண்டு போன நேரம் கயிறு தடுக்கி வுழுந்துட்டாரு."

"ஐயோ. இப்ப நடக்கறாராக்கா?"

"நடக்கறாரு. அந்தக் கைத்தடி சும்மா தான கெடந்துச்சி."