சாம்பசிவன் கேலரிக்குப் போகும் கதவு

மத்தியானம் இரண்டு மணி. ஆமாம், பட்டப்பகல்தான். 2007, மே மாதம். பல்லாவரத்தில் ரேடியல் ரோட்டிலிருந்து பிரிகிற தெரு... வெயிலுக்கு ஒரு நாய்கூட இல்லை. தனியாக நடந்து போனவள் தபஸ்ஸும். என் நண்பன் மொஹ்சினுடைய பெரியம்மா மகள். படம் வரைகிறவள்.

அந்தத் தெருவில் முன்பு நாலு ஓவியக் கேலரிகள். ஒன்று செல்போன் கடை ஆயிற்று. ஒன்று, சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான மேன்ஷன். மூன்றாவது பூட்டிக் கிடந்தது. நாலாவது சாம்பசிவன் சாருடையது. பக்கத்துக் கட்டடத்து மாடியில், தபஸ்ஸும் படம் வரைய எடுத்திருந்த வாடகை அறையை ஒட்டினாற்போல். நடுவில் ஒரு கதவு.

"பன்னெண்டு படம் முடிச்சுக் குடும்மா, உனக்குன்னு தனியா ஷோ வெக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். மார்ச்சில் மாரடைப்பு, போய்விட்டார். ஏப்ரலில் அவர் கட்டடத்தை இடித்தார்கள். அந்தக் கதவைத் திறந்தால் வெறும் ஆகாயம்... கீழே கல்லும் கம்பியும். வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி உள்பக்கம் குறுக்கே மூன்று பலகை வைத்து ஆணி அடித்தார்.

"நீயும் காலி பண்ணிடும்மா. இந்தத் தெருவுல இனிமே யாரு படம் வாங்கப் போறா?"

அவள் காலி பண்ணவில்லை. முடித்த படங்களைப் பலகை மேலேயே சாத்தி வைத்துவிட்டு, பதினோராவதை வரைந்துகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அறைக்கு வந்து வரைய உட்கார்ந்தபோதுதான் கேட்டது. டொக்... டொக்... அப்புறம் ஒரு கிறீச். கதவுப் பக்கம். சார் படம் மாட்ட ஆணி அடிக்கிற அதே நிதானம். கூடவே வார்னிஷ் வாசனை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வெறும் மனை. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். ஆனால் இன்று எழுந்து போனால் மறுபடி வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். வரைந்தாள். ஆறு நாளும் அப்படியே.

ஏழாம் நாள் பன்னிரண்டாவது படத்தில் கையெழுத்துப் போட்டாள். சத்தம் நின்றது.

"வாம்மா, எல்லாரும் வந்துட்டாங்க."

சார் குரல். திரும்பினாள். படங்கள் ஓரமாக நகர்ந்திருந்தன. பலகை மூன்றும் தரையில். ஆணிகள் பக்கத்தில், வரிசையாக. இத்தனை நாளாக அடித்த சத்தம் இல்லை... பிடுங்கிய சத்தம்.

கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் மஞ்சள் விளக்கு. டீ கப்புகளின் கிணுகிணுப்பு. ஆட்கள் பேச்சு. இரண்டு வருஷமாக அவள் படம் ஒன்றுகூட விற்கவில்லை.

"வர்றேன் சார்" என்று கதவருகே போய்க் காலைத் தூக்கிவிட்டாள்.

"இன்னாம்மா பண்றே, நில்லு."

கீழே மனையிலிருந்து தட்சிணாமூர்த்தி. விளக்கு போயிற்று. வெயில். நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உன் முதுகுல கை வெச்சிகினு ஒரு ஆள் நின்னாரே... எங்கம்மா அவரு?"

தபஸ்ஸும் ஒன்றுதான் கேட்டாளாம்.

"இழுத்தாரா... தள்ளினாரா?"

அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். இறங்கும்போது, நாளைக்கு வராதே என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானமும் அவள் போனாள்.