நாற்றமில்லாத கிணறு

சாக்கடையோடு வேலை பார்க்கிறவனுக்குச் சோறு எப்படி இறங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாகவே இறங்கும் ஐயா. காலடிப்பேட்டை வீட்டில் என் மனைவி ரோஸ்மேரி கட்டிக்கொடுக்கும் நெத்திலிக் குழம்பை ஆய்வக மேசையில் வைத்தே சாப்பிடுவேன்.

என் பெயர் தவசிமுத்து. திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக வேதியியலாளர். நகரம் கழித்ததை வாங்கி, சுத்தம் செய்து ஆற்றில் விடுவது எங்கள் வேலை. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மழை இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் அதில் ஓடுவது நாங்கள் விடும் தண்ணீர்தான். அந்தக் கணக்கில் ஆறு பிறக்கும் இடம் எங்கள் குழாய். இன்னும் யாரும் கோயில் கட்டவில்லை.

காற்று ஊதும் இயந்திரங்கள் நான்கில் மூன்று படுத்துவிட்டன. காற்று இல்லாவிட்டால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும். மேலிடத்துக்கு எழுதினேன். "ரிப்போர்ட் நல்லா வரட்டும், மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். வரவைத்தேன். வெளியேறும் தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, நம்பும்படியாக இரண்டு சொட்டு டீ கலந்து பரிசோதனைக்கு அனுப்பினேன். நான்கு வருடம். ஒருமுறை டீ கலக்க மறந்துபோனேன். அந்த வருடம் எங்களுக்குக் கேடயம் கிடைத்தது.

கண்டுபிடித்தவன் ஜெயவேல். பம்பு ஆபரேட்டர், வியாசர்பாடிக்காரன். அவன் மச்சினி ராஜாத்தி எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.

"அவ கால பாத்தியா சார்? புண்ணு ஆறவே மாட்டேங்குது. நீ இங்க டீ கலந்துகினு கீற. புதன்கெழம ஆபீசர் வராரு, சொல்லிருவேன்" என்றான்.

"சொல்லு ஜெயவேல்" என்றேன். எனக்குக் கோபம் வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சேகரிப்புக் கிணற்றில் பம்பு அடைத்துக்கொண்டது. ஆள் இறங்கக் கூடாதென்பது சட்டம். இயந்திரம் வர மூன்று நாளாகும். நான் இறங்கச் சொன்னதும் ஜெயவேல் கையுறை எடுக்கப் போனான். நான் விஷவாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அது கத்தியது. சத்தத்தை அணைத்துவிட்டு, படிவத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் வந்து கிணற்று வாயில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றான்.

"வந்தப்ப நாறிச்சி. இப்ப நாத்தமே இல்ல சார். மீட்டர் இன்னா சொல்லுது?"

அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டைபோல நாறும். அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றால் ஓட வேண்டும். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகப் பயிற்சிப் பதிவேட்டில் இருக்கிறது. எழுதியது நான்தான்.

"சுத்தமா கீது" என்றேன், அவன் பேச்சிலேயே.

சிரித்துக்கொண்டே இறங்கினான். ஏழாவது படியில் கையை விட்டான். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு உதவிக்குக் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், வாட்ச்மேன் லூயிஸ் உங்களிடம் சொல்லியிருப்பார்.

ஆமாம், சாகட்டும் என்றுதான் இறக்கினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா: இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தப்பாக அளந்ததில்லை. எழுதியதுதான் வேறு.