மினிட் நோட்டில் நான் எழுதிய பெயர்

பெயர் நூபியா எராசோ, வயது 43, கணவர் பெயர் செகுண்டோ புர்பானோ, கொலம்பியா, புட்டுமாயோ மாகாணம், லிரியோ துறை கிராமத்தில் ஆற்றங்கரைக் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். இலை பறிக்கிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது தொழில். ஆறு வருடமாக ஊர்ச் சபைக்குச் செயலாளர். என் கணவர் காணாமல் போனது குறித்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

எங்களுக்கு இரண்டு ஏக்கர் கோக்கா, அதாவது கொக்கைன் எடுக்கிற இலைச் செடி, இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது, மறைத்து என்ன பயன். இலையிலிருந்து எடுக்கும் சரக்கை, எங்கள் பக்கத்தை ஆட்டிவைக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுக்கலாம், வேறு ஆளுக்குக் கொடுத்தால் உயிர் இருக்காது.

இந்த மாதம் எட்டாம் தேதி காலை பள்ளிக்கூடத்தில் சபை கூடியது. தலைநகரிலிருந்து வந்த பல்கலைக்கழக அம்மா ஒருவர், கோக்கா வியாபாரத்தைச் சட்டப்படி அனுமதித்தால் துப்பாக்கிக்காரர்களின் பலம் குறையுமா என்று எங்களைக் கேட்டார். அதன் பிறகு பக்கத்து வீட்டு கில்பெர்த்தோ எழுந்து, “காப்பி சட்டப்படிதானம்மா விக்குது, காப்பிச் செடி போட்டவன் எவன் மாடி வீடு கட்டுனான்? நாளைக்கே பெரிய கம்பெனிக்காரன் வந்து நெலத்த வளைப்பான். இந்தத் துப்பாக்கிக்காரனுங்க தங்கம் தோண்டப் போயிருவானுங்க, அவ்ளோதான்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு என் கணவர் எழுந்தார். பதினொரு வருடமாக அவர் சபையில் பேசியதே இல்லை. “ஊமைச்சாமி வாயத் தொறக்குதுடோய்” என்று யாரோ கேலி செய்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “தங்கத்துக்குப் போவட்டும் கில்பெர்த்தோ, போவட்டுமே. அதுக்கு மெஷினு போதும், நாம வேணாம். இந்த எலைக்குத்தான் அவனுங்களுக்கு நாம வேணும். இது சந்தைக்கு வந்துட்டா, மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு நானே போவேன், ரசீது வாங்கிட்டு வருவேன். எவன் கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் சபையில் பேசியதை எல்லாம் மினிட் நோட்டில் எழுதி, கடைசியில் படித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது வழக்கம். வராதவர்கள் தெரிந்துகொள்ள ஒரு பிரதியைக் கடைச் சுவரில் மூன்று நாள் ஒட்டி வைப்போம். இலை பற்றிய பேச்சானால் பெயர் போடுவதில்லை, “சபையில் ஒருவர் கூறினார்” என்றுதான் எழுத வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்குப் பெருமையில், செகுண்டோ புர்பானோ என்று முழுப் பெயரையும் போட்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். படித்துக் காட்டியபோதும் யாரும் தடுக்கவில்லை. என் கையாலேயே சுவரில் ஒட்டினேன்.

பத்தாம் தேதி துப்பாக்கிக்காரர்களில் இடக்கையன் என்பவன் இரண்டு பேருடன் கடைக்கு வந்து, அதைப் படித்துவிட்டு, செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். “எழுத்து முத்து முத்தா இருக்குக்கா” என்று, சாமான் வாங்க நின்ற என்னிடம் சொன்னான். அதன் பிறகு அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் மீனும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அண்ணன் நல்லாப் பேசுறாராமே, எங்க பெரியவர்கிட்டயும் வந்து பேசட்டும்” என்றான். அவர் எழுந்து கைகழுவினார். என்னைப் பார்த்து, “மூடி வையி, வந்துர்றேன்” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவரை ஏற்றிய படகு ஆற்றின் கீழ்ப்பக்கம் போனது.

துறையில் அப்போது பதினான்கு பேர் துணி துவைத்துக்கொண்டும் படகு கட்டிக்கொண்டும் இருந்தார்கள். இப்போது கேட்டால் யாரும் அன்று துறைக்கே போகவில்லையாம். சபைத் தலைவர் வந்து, “அந்தப் பக்கத்தக் கிழிச்சிரு தாயி, எங்களையும் சேத்து இழுத்து விட்ராத” என்றார். நான் கிழிக்கவில்லை. மறுநாளிலிருந்து இலை பறிக்கிறவர்கள் என்னிடம் சாப்பிட வருவதில்லை. கடைக்காரர் உப்பு மூட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு, உப்பு தீர்ந்துவிட்டது என்றார். பத்தொன்பது நாளில் என்னிடம் மனிதர் பேசியது அந்த இரண்டு முறைதான். வீட்டில் ரேடியோவை நிறுத்தப் பயமாக இருக்கிறது.

சட்டம் வந்தால் அவர்கள் பலம் குறையுமா என்று எனக்குத் தெரியாது. அவர் குறையும் என்று நம்பினார். அவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கூட்டிப் போனவர்களை “அடையாளம் தெரியாத நபர்கள்” என்று எழுதினால் எனக்குப் பாதுகாப்பு என்று இதை எழுதும் அதிகாரி எடுத்துச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னேன். இடக்கையன் என்பவனுடைய பெயர் துவான் அல்பெய்ரோ மோஸ்கேரா. முன்பு என் அடுப்படியில் பலமுறை சாப்பிட்டிருக்கிறான். முழுப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கணவரை ஆற்றின் கீழ்ப்பக்கம் தேட வேண்டும், உயிரோடு இல்லாவிட்டாலும் தேட வேண்டும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்கு ஆளும் இல்லை.

(ஒப்பம்) நூபியா எராசோ