மருமகன்மேல் ஒரு கேஸ்

திருமுல்கேரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து கேட்டது: "மாமா, தயவுசெஞ்சு என்மேல கேஸ் போடுங்க."

சொன்னவர் கட்டட இன்ஜினியர், முப்பது வயதிருக்கும். பக்கத்தில் தாய்மாமன். சைனிக்புரியில் இவர் டிசைன் போட்ட மாமாவின் புது வீடு ஒரு பக்கமாக இறங்கி, சுவரெல்லாம் விரிசல் என்று பேச்சில் தெரிந்தது.

"அக்கா பையன்மேலயா? கேஸெல்லாம் நக்கோடா, வேண்டாம்."

"ஒப்பந்தம் போட்டு, ஃபீஸ் வாங்கியிருக்கேன். நீங்க கேஸ் போட்டாத்தான் என் தொழில் இன்சூரன்ஸ்ல உங்களுக்கு நஷ்டஈடு வரும்."

"ஹவ், அப்படியா? என்னன்னு எழுதறது?"

"கவனக்குறைவுன்னு எழுதுங்க."

"நிஜம்தானே. இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் பாறைதான்னு மண்ணை டெஸ்ட் பண்ணாம விட்டே. கீழ இருந்தது மூடின பழைய கிணறு."

"அதுக்கு நான் ஆமான்னு சொல்லக்கூடாது மாமா. தப்பை ஒத்துக்கிட்டா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவான்."

"கேஸ் போட்டாலும், என் பையன் ரவி கல்யாணத்துக்காவது வருவே இல்ல?"

"கேஸ் முடியறவரைக்கும் வேண்டாம் மாமா. ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லிடுவாங்க."

"அப்போ எழுந்து பின்னாடி போய் உக்காரு. இன்னிலேர்ந்தே பழகிக்கலாம்."

மருமகன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தபோது மாமா திரும்பிப் பார்க்காமலே சைனிக்புரிக்கு இரண்டு டிக்கெட் கேட்டார்.